மூன்று தட்டினால் இரண்டு

காலை ஏழரை மணிக்கு அவள் குளியலறைக் கதவை மூன்று முறை தட்டினாள். உள்ளிருந்து இரண்டு முறை பதில் வந்தது. சரி, மனுஷன் உள்ளே இருக்கிறார் என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பியவள், பின்வாசலில் கேட்டின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"நீங்க இங்கயா இருக்கீங்க?"

"வேற எங்க இருப்பேன்?"

"அப்ப உள்ள யாரு?"

வீட்டில் இவர்கள் இருவரைத் தவிர வேறு ஆள் கிடையாது. மகளைக் கட்டிக்கொடுத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. ஊரார் வெல்டர் என்று கூப்பிடும் அவள் புருஷன் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அந்த இரண்டு தட்டு அவர் காதிலும் விழுந்திருந்தது. விழாத மாதிரி இருக்கத்தான் கீலுக்கு மறுபடியும் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

அது பட்டறைப் பழக்கம். தொட்டிக்குள், உருளைக்குள் ஆள் இறங்கி வேலை செய்யும்போது, கடைசித் தகட்டை வைத்து மூடுவதற்கு முன்னால் வெளியே இருப்பவன் சுத்தியலால் மூன்று முறை தட்டவேண்டும். மூடப்போகிறேன், உள்ளே ஆள் உண்டா என்று அதற்கு அர்த்தம். உள்ளே ஆள் இருந்தால் இரண்டு தட்டு. இருக்கேன், மூடாதே. சத்தமே வராவிட்டால்தான் மூடலாம். கல்யாணமான புதிதில் குளியலறைத் தாழ்ப்பாள் கெட்டுப்போனபோது இதை வீட்டுக்குள் கொண்டுவந்தார். ஊருக்கெல்லாம் கதவு செய்து கொடுத்த மனுஷன் தன் வீட்டுத் தாழ்ப்பாளை மட்டும் கடைசிவரை சரி செய்யவில்லை. தட்டுவது பழகிவிட்டது.

காலால் கதவைத் தள்ளினார். யாரும் இல்லை. வாளி நிறையத் தண்ணீர், கொடியில் ஈரத்துணி, மூலையில் துடைப்பம். ஆனால் வாசனை. வெல்டிங் ராடு எரிந்த வாசனை. நாற்பது வருஷம் மூக்குக்குள் குடியிருந்துவிட்டு, வேலையை விட்டபிறகுதான் காலி செய்துகொண்டு போன வாசனை. வாளிக்குள் விரலை விட்டார். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

"குழாய்ல காத்து அடைச்சிருக்கும்" என்றார். "குளிச்சிட்டுக் கிளம்பு. பஸ்ஸு போயிடும்."

அவர் போக விரும்பிய பயணம் இல்லை அது. போன வாரம் கேட்டில் யாரோ ஒரு நோட்டீஸைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள கலைப் படைப்புகளை அக்கம்பக்கத்துப் பொதுமக்களுக்குச் சுற்றிக் காட்டுகிறார்களாம், இலவசமாம். இலவசம் என்று எவன் வாசல் தேடி வந்தாலும் அவனுக்கு நம்மிடம் ஏதோ வேண்டியிருக்கிறது என்பது வெல்டரின் கணக்கு. கிழித்துப் போட்டிருப்பார். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். நோட்டீஸின் நடுவில் ஒரு படம். புல்வெளியில் நிற்கும் இரண்டு ஆள் உயர இரும்பு விதை. கீழே, 'நம் பகுதிப் பட்டறையில் உருவானது.'

"இது என் தம்பி செஞ்சதுதானே?" என்று கேட்டாள். "அவன் கடைசியா செஞ்ச வேலை. ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்த்துட்டு வந்துடறேங்க."

முப்பத்தொரு வருஷமாக அவர் அந்தப் பக்கம் போனதில்லை, அவளையும் போகவிட்டதில்லை. ஒரு தடவை மழை, ஒரு தடவை முழங்கால் வலி, ஒரு தடவை வெளியாளை உள்ளே விடமாட்டார்கள் என்ற பொய். இந்தத் தடவை அவளே பேரைக் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள். தனியாக விடுவதைவிடக் கூடவே போய்ப் பக்கத்தில் நின்றுகொள்வது மேல் என்று சட்டையை மாட்டினார்.

வானம் மூடிக் கிடந்தது. விடுமுறை நாள் என்பதால் வளாகத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. வாசல் காவலாளி எல்லாரையும் வரிசையில் நிறுத்திக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டான். சலூன்காரர் ஒருவர், தையற்கடை நடத்தும் அக்கா தங்கை இருவர், பேரப்பிள்ளைகளோடு நாலைந்து பேர். அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஓவிய ஆசிரியை முன்னால் நடந்தாள்.

"இது உங்க வளாகம். வெக்கப்படாம கேள்வி கேளுங்க" என்றாள்.

எங்கள் வளாகம் என்றால் வாசலில் எதற்குக் கையெழுத்து என்று வெல்டர் மனசுக்குள் கேட்டுக்கொண்டார்.

முதலில் நூலகச் சுவர். உடைந்த பீங்கான் துண்டுகளை ஒட்டி ஒட்டிப் பெரிய பறவை ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள்.

"எங்க வீட்லயும் தினம் இவ்வளவு உடையுது" என்றார் சலூன்காரர். "ஒரு பறவைக்கும் வழியக் காணோம்."

"உடைக்கிறது யாரு, அதைச் சொல்லுங்க" என்றாள் தையற்கடை அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். வெல்டர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்புக்குக் கீழே, எங்கோ தூரத்தில், டிக் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். பற்றவைத்த கோட்டின் மேல் படிந்த கசடைச் சின்னச் சுத்தியலால் தட்டி உதிர்க்கிற சத்தம். நாலு தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி நாலு தட்டு, வேலை தெரிந்தவன் தட்டுகிற மாதிரி.

"இங்க எங்கயாவது வெல்டிங் வேலை நடக்குதாம்மா?"

"இல்லீங்க ஐயா. இன்னிக்கு ஒரு வேலையும் கிடையாது."

அடுத்தது படிக்கட்டு ஓவியம், அதற்கடுத்தது விஞ்ஞானக் கட்டடத்து முன்கூடத்தில் கூரையிலிருந்து தொங்கிய கண்ணாடிப் பட்டைகள். நூற்றுக்கணக்கான பட்டைகள், ஒவ்வொன்றிலும் அங்கே நின்றவர்களின் முகம் துண்டு துண்டாக ஆடியது. குழந்தைகள் தங்கள் மூக்கைத் தேடி விளையாடினார்கள். அப்போது எல்லாப் பட்டைகளிலும் ஒரே நேரத்தில் நீல வெளிச்சம் பளிச்சென்று அடித்தது. வெல்டர் கையால் கண்ணை மூடிக்கொண்டார். வேறு யாரும் அசையவில்லை. கையை எடுத்தபோது இமைக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தியது. முகமூடி போடாமல் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்தவனுக்குத்தான் அந்த மணல் தெரியும்.

"மின்னல் அடிச்சுதா?" என்று மனைவியின் காதருகே கேட்டார்.

"ஒண்ணும் அடிக்கலையே. வீட்டுக்குப் போயிடலாம்னு பார்க்கறீங்களா?" அவள் அவரைப் பார்க்காமலே சொன்னாள். "விதை இன்னும் வரல."

விதை புல்வெளியின் நடுவில் நின்றது. பெயின்ட் மங்கி, தலையில் பறவை எச்சம் வழிந்து, அடிப்பாகத்தில் துரு ஏறி, ஆனால் அசையாமல்.  ஒவ்வொரு தகடும் வெல்டருக்குத் தெரியும். எது வெளியிலிருந்து பற்றவைத்தது, எது உள்ளிருந்து, எந்த வளைவுக்குத் தகட்டை எத்தனை முறை சூடாக்கினார்கள் என்று எல்லாம் தெரியும். தரையிலிருந்து இடுப்பு உயரத்தில், பின்பக்கம், இரண்டடிக்கு இரண்டடி ஒரு சதுரம். ஆள் நுழைகிற வழி. அந்தக் கடைசித் தகட்டை வைத்து மூடியவர் அவர். இரும்பு தேய்க்கும் கிரைண்டரைப் போட்டுக் கோடே தெரியாமல் வழித்தவரும் அவர்தான்.

அதற்கு முந்தின நாள் ராத்திரி அவளை அடித்திருந்தார். எதற்கென்று இன்றைக்குக் கேட்டால் அவருக்கே நினைவில்லை. அவள் மணிக்கட்டு உடைந்த சத்தம் மட்டும் நினைவிருந்தது. மறுநாள் சாயங்காலம் அவள் தம்பி, பட்டறையில் எல்லாரும் இடக்கை என்று கூப்பிடுகிறவன், அக்காவின் கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு நேராக வேலைக்கு வந்தான். வெல்டரின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தி, "வேலை முடிஞ்சதும் அக்காவக் கூட்டிட்டுப் போறேன். இனிமே நீ அவ மூஞ்சியப் பார்க்க முடியாது" என்றான். சொல்லிவிட்டு, உள்பக்கக் கோடு கொஞ்சம் பாக்கி இருந்ததால், முகமூடியும் ராடு பொட்டலமுமாக அந்த ஓட்டைக்குள் ஊர்ந்து போனான். வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் அவனுக்கு இல்லை. அவன் செய்த தப்பு அது ஒன்றுதான்.

மற்ற ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். வெல்டர் தகட்டை வைத்தார். மூன்று தட்டினார்.

இரண்டு வந்தது.

உள்ளே போன அவனுடைய வெல்டிங் கேபிளை வெட்டி முனையை உள்ளே தள்ளிவிட்டு, ராடைப் பற்றவைத்தார். பிறகு விடிய விடியக் கிரைண்டர் ஓடியது, உள்ளிருந்து வந்த எந்தச் சத்தமும் வெளியே கேட்காதபடி. காலையில் கிரேன் வந்து விதையைத் தூக்கிக்கொண்டு போனது. வீட்டுக்குப் போய் அவளிடம், "உன் தம்பி கிளம்பிட்டான். சொல்லாமக் கொள்ளாம" என்றார். அதற்குப் பிறகு அவள் மேல் கை வைத்ததில்லை. அதோடு அந்தக் கணக்கு தீர்ந்தது என்று இத்தனை வருஷம் சோறு தின்று தூங்கியிருக்கிறார்.

"இப்ப ஒரு அதிசயம் காட்டறேன்" என்றாள் ஆசிரியை. "இங்க வர்ற எல்லாரும் செய்ற வழக்கம் இது. யாராவது வந்து மூணு தடவை தட்டுங்க. மூணே தடவை."

சலூன்காரர் முன்னால் வந்து விரல் முட்டியால் தட்டினார். டங். டங். டங்.

எல்லாரும் காத்திருந்தார்கள். எங்கோ ஒரு காக்கை கத்தியது.

டங். டங்.

குழந்தைகள் கைதட்டிக் குதித்தன. "எதிரொலி!" என்றாள் ஆசிரியை பெருமையாக. "மூணு தட்டினா ரெண்டுதான் திரும்பி வரும். ஏன்னு யாருக்கும் தெரியாது. பெரிய பெரிய பேராசிரியர்லாம் கருவி வச்சுப் பார்த்துட்டாங்க. உள்வளைவு அப்படின்னு எழுதி வச்சுட்டாங்க. வச்ச நாள்லேருந்து இப்படித்தான்."

வச்ச நாளிலிருந்து. எத்தனை மாணவர்கள், எத்தனை குழந்தைகள், எத்தனை ஆயிரம் முறை. மூடப்போகிறேன், உள்ளே ஆள் உண்டா. இருக்கேன், மூடாதே. இருக்கேன், மூடாதே.  வெல்டர் மெல்லத் தலையைத் திருப்பிப் பக்கத்தில் பார்த்தார்.

அவள் விதையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூறல் விழ ஆரம்பித்தது. "வாங்க, கூடத்துல பிஸ்கட் வச்சிருக்காங்க, மழை விட்டதும் மிச்சத்தப் பார்க்கலாம்" என்று ஆசிரியை எல்லாரையும் ஓட்டிக்கொண்டு போனாள். தையற்கடைத் தங்கை திரும்பி, "அக்கா, நனையாதீங்க" என்று குரல் கொடுத்தாள்.

"நீங்க போங்க. வந்துடறோம்."

புல்வெளியில் இருவர் மட்டும். விதையின் மேல் தூறல் விழுந்தது. விழுந்த இடத்திலெல்லாம் ஆவி கிளம்பியது.

"வா, போகலாம்" என்றார் வெல்டர்.

அவள் விதையைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தாள். அவரும் பின்னால் போனார். போகாமல் இருக்க முடியவில்லை. பின்பக்கத்தில், இடுப்பு உயரத்தில், பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. கொப்புளங்களுக்கு நடுவே இரும்பு தெரிந்தது. வைக்கோல் நிறம், ஊதா, நீலம். சூடு பட்ட இரும்பு காட்டுகிற நிறங்கள். அந்த நிறங்கள் நாலு கோடாக ஓடிச் சேர்ந்து ஒரு சதுரம். இரண்டடிக்கு இரண்டடி.

அவள் கையை வைத்தாள்.

"சுடுது" என்றாள்.

"வெயில்ல நின்ன இரும்பு."

"வெயில் எங்கங்க இருக்கு?"

அவள் மூன்று முறை தட்டினாள். வீட்டில் தட்டுவது போலவே, அவசரமில்லாமல்.

இரண்டு. கைக்கு நேர் கீழே.

"நம்ம குளியலறைத் தட்டு" என்றாள். அவள் குரல் மிகத் தணிவாக இருந்தது. "யாருங்க உள்ள?"

"எதிரொலின்னு அந்தப் பொண்ணு சொல்லல?"

"உள்ள யாரு?"

"இந்தாடி, வாய மூடிட்டு வர்றியா இல்லையா?" கை தானாக ஓங்கியது. முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு, அதே கை, அதே உயரத்துக்கு. அவள் நகரவில்லை. கண்ணைக்கூட மூடவில்லை.

ஓங்கிய கை இறங்குவதற்குள் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. ராடு பற்றுகிற சரசரப்பு. பெரிய எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி. சதுரத்தின் ஒரு மூலையில் இரும்பு சிவந்தது. சிவப்பு நகர்ந்தது. வலமிருந்து இடமாக. இடக்கைக்காரன் ஓட்டுகிற ஓட்டம். மேல் கோடு. பக்கக் கோடு. கீழ்க் கோடு. மறுபக்கக் கோடு. அவர் போட்ட தையலை, அவர் போட்ட வரிசையிலேயே, ஒவ்வொன்றாகப் பிரித்தது.

ஓடவேண்டும். கால் வரவில்லை.

தகடு உள்ளே போனது. விழவில்லை, யாரோ பிடித்து உள்ளே எடுத்து வைத்த மாதிரி போனது. இருட்டுச் சதுரம். அதிலிருந்து தோல் உறை போட்ட இடக்கை ஒன்று வந்து, இன்னும் இறங்காமல் நின்ற அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

முறித்தது.

அவர் கத்தினார். கை அவரை இழுத்தது. சிவந்த விளிம்பில் தோள் பட்டது. சட்டை கருகியது, பிறகு தோல். அந்த வாசனை. தோள் பூட்டு கழன்றது. தலை உள்ளே போனது. ஒரு விலா, இன்னொரு விலா, ஒடிகிற சத்தம் அவருக்கே கேட்டது. ஓட்டை சின்னது. அவர் பெரிய உடம்பு. அதைப் பற்றி இழுக்கிறவன் கவலைப்படவில்லை. மிச்சமிருந்த கையை வெளியே நீட்டித் துழாவினார். அவள் சேலை. அவள் கை. பிடித்துக்கொண்டார்.

"இழுடி! என்னை இழு!"

விரலுக்குள் அவள் மணிக்கட்டு. கோணலாகச் சேர்ந்த எலும்பு. புடைப்பு. அவர் உடைத்த இடம்.

அவள் இழுக்கவில்லை. இன்னொரு கையால் அவர் விரல்களைப் பிரித்தாள். சுண்டுவிரல். மோதிர விரல். நடுவிரல். பொறுமையாக, ஈரத்துணியிலிருந்து கிளிப்பை எடுக்கிற மாதிரி.

இருட்டு.

தகடு திரும்பி வந்து பொருந்தியது. சரசரப்பு. நீல வெளிச்சம். கண்ணுக்குள் மணல். அந்த வெளிச்சத்தில் பார்த்தார். அடியிலிருந்து உச்சிவரை, ஒரு விரற்கடை விடாமல், கோட்டின் மேல் கோடாக, மீன் செதில் மாதிரி, எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து. முப்பத்தொரு வருஷத்து வெல்டிங். காலடியில் கேபிள். வெட்டிய முனை, எதிலும் சேராமல் கிடந்தது. ஆனாலும் ராடு எரிந்தது. எரிகிற ராடுக்குப் பின்னால் ஒரு முகமூடி. முகமூடிக்குக் கீழே, கழுத்து இருக்கவேண்டிய இடத்தில் பார்த்துவிட்டு, இனிமேல் பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசி மூலை சேர்ந்தது. வெளிச்சம் அணைந்தது. டிக் டிக் டிக் டிக். கசடு உதிர்ந்தது.

வெளியே, மூன்று தட்டு.

அவளேதான். அவசரமில்லாமல்.

ஒடியாத கையைத் தேடி எடுத்துத் தகட்டில் அடித்தார். இரண்டு. இருக்கேன். மூடாதே. மறுபடியும் இரண்டு. மறுபடியும். இரும்பு வழியாக, வெகு தூரத்திலிருந்து வருவது போல் குரல்கள் வந்தன.

"அம்மா, நனைஞ்சு போயிட்டீங்களே. ஐயா எங்க?" ஆசிரியையின் குரல்.

தகட்டின் மேல் மழை சொட்டியது. 

"கிளம்பிட்டாருங்க" என்றாள் அவள். "சொல்லாமக் கொள்ளாம."

"அட, இன்னிக்கு எதிரொலி ரொம்ப பலமா வருதே" என்றார் சலூன்காரர்.

"ஆமா. பழைய இரும்பு" என்றாள் அவள். செருப்புச் சத்தங்கள் ஈரப் புல்லில் விலகிப் போயின.

அவர் கத்தினார். தொண்டை கிழியும்வரை கத்தினார். வாயில் இரும்பு ருசித்தது. கத்தி ஓய்ந்த பிறகு, பக்கத்தில், மிகப் பக்கத்தில், காகிதம் பிரிகிற சத்தம். புது ராடு பொட்டலம்.

எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. ஒரு நாளா, ஒரு வாரமா. வெளியே மறுபடியும் குழந்தைகளின் குரல். சிரிப்பு. "மூணே தடவை" என்றது ஒரு குரல்.

டங். டங். டங்.

அவருக்குக் கையைத் தூக்கத் தெம்பில்லை. இருட்டில் ஓர் உறை போட்ட கை அவர் ஒடிந்த கையைத் தேடி எடுத்தது. தொங்கிய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கியது. முஷ்டியாக்கியது. தகட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அதைக்கொண்டே இரண்டு முறை தட்டியது.

வெளியே குழந்தைகள் கைதட்டின.